மலையேறிய பாசி

கண்டி மஹய்யாவையில் கோசலாவைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளுடைய வாயைத் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. "அந்தக் கடல்காரி வாயில விழுந்துறாதீங்க" என்று சொந்த மாமியாரே அக்கம்பக்கத்துக்கு எச்சரிக்கை கொடுத்து வைத்திருந்தார்.

ஆனால் அவள் கண்டபடி யாரையும் நக்கலடிக்கிறவள் அல்ல. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனிதரை அவள் ஒருநாளும் ஏளனம் செய்ததில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவர் அகப்பட்டால்தான் விடமாட்டாள். கண்டியில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லாததால் அவளுக்குப் பொழுது நன்றாகவே போயிற்று.

அவள் பிறந்தது கிளிநொச்சிக் கரையில் வலைப்பாடு. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்து பெண்களைக் கூப்பிட்டு, கடலில் பாசி வளர்க்கச் சொன்னது. இடுப்பளவு தண்ணீரில் தடி நட்டு, தடிக்குத் தடி கயிறு இழுத்து, சாண் இடைவெளிக்கு ஒரு பாசித் துண்டைக் கட்டவேண்டும். செம்மண் நிறத்தில், கொழுத்த விரல்களைப்போலக் கிளை கிளையாக இருக்கும். நாற்பத்தைந்து நாளில் கைப்பிடித் துண்டு ஒரு சிறு பற்றையாகிவிடும். அறுத்து மூன்று நாள் வெயிலில் போட்டால் எட்டுக் கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். ஓரா மீன் வந்து மேய்ந்துவிட்டுப் போகும். மாரி மழையில் கடலின் உப்பு இறங்கினால் நுனி வெளுத்து, ஐஸ்கட்டி மாதிரி ஆகி உதிரும். இவற்றோடெல்லாம் ஆறு வருடம் மல்லுக்கட்டினாள்.

அந்த ஆறு வருடத்தில் அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியாமல் இருந்தது. இதை வைத்து என்ன செய்கிறார்கள்? ஜப்பான்காரன் சோற்றோடு தின்கிறான் என்றாள் ஒருத்தி. ஊசிமருந்துக்கு என்றாள் இன்னொருத்தி. கம்பனி மேற்பார்வையாளரைக் கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு அக்கா, நீங்கள் கட்டுங்கோ" என்றார். அவருக்கும் தெரியாது என்பது கோசலாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

அப்போதுதான் வீட்டுத்திட்டத்துக்குக் கல் கட்ட கண்டியிலிருந்து மேசன்மார் வந்தார்கள். அதில் ஒருவன் கணேஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்க வந்தவன், முழங்கால் தண்ணீரில் வழுக்கி விழுந்து, "யாராச்சும் புடிங்க, புடிங்க!" என்று கத்தினான். கயிறு கட்டிக்கொண்டிருந்த கோசலா, "எழும்பி நில்லுங்கோ, தண்ணி முட்டுக்குத்தான் வருது" என்றாள். அவன் எழுந்து நின்று, தன் நனைந்த சாரத்தைப் பார்த்து, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். வெட்கப்படாமல் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஆம்பிளையை அவள் அதற்கு முன்னர் கண்டதில்லை. அடுத்த வருடம் மஹய்யாவைக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள்.

பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பிலிமத்தலாவையில் பளீல் ஹாஜியாரின் யோகட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் கப் கழுவினாள். பிறகு பால் காய்ச்சும் அறைக்கு மாற்றினார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு றம்ஸியா. உணவுத் தொழில்நுட்பம் படித்த பெண், இருபத்தேழு வயது, ஒன்றுக்கு மூன்று தரம் அளக்கிறவள்.

ஒருநாள் றம்ஸியா ஒரு கடதாசிப் பையைப் பிரித்து, மா போன்ற வெள்ளைத் தூளைத் தராசில் போட்டாள். நூறு லீற்றர் பாலுக்கு அதில் சில கரண்டிதான்.

"இது என்ன மிஸ்?"

"கரஜீனன். இது போட்டாத்தான் யோகட் தண்ணி விடாம இறுகி நிக்கும். கடப்பாசில இருந்து எடுக்கிறது."

"எந்தப் பாசி?"

றம்ஸியா தொலைபேசியைத் தட்டிப் படத்தைக் காட்டினாள். கயிற்றில் தொங்கும் செம்மண் நிற விரல்கள். கோசலா படத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பையில் வெளிநாட்டு எழுத்து.

"இது எங்கட பாசி."

"இல்லக்கா, இது இறக்குமதி. கப்பல்ல வாறது."

"ஓம். போனதும் கப்பலிலதானே."

அவள் விரலில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பில்லை, மணமில்லை, கடலின் சாயல்கூட இல்லை. ஆறு வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று கால்விரல் அழுகியது இதற்குத்தானா? நாங்கள் காயவைத்துச் சாக்கில் கட்டி அனுப்ப, அவன் அவித்து அரைத்து மாவாக்கித் திருப்பி அனுப்ப, அதை இவர்கள் பத்திரமாகத் தராசில் போடுகிறார்கள். ஒரு தேசம் முழுவதும் சேர்ந்து இப்படி முட்டாளாக இருப்பதற்கு எவ்வளவு பாடுபடவேண்டும் என்று அவள் வியந்தாள்.

வேறு எதிலெல்லாம் இது இருக்கிறது என்று றம்ஸியாவைக் குடைந்தாள். ஐஸ்கிறீம், சொக்கலேற் பால், சொசேஜ், ஷாம்பூ, பற்பசை. மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த கணேஸின் முன்னால் போய் நின்றாள்.

"துப்பாதேங்கோ. அது என்ர பாசி."

கணேஸ் நுரை வாயோடு, "அப்ப முழுங்கணுமா?" என்று கேட்டான்.

இந்த நிலைமையில்தான் சஞ்சயன் வந்து சேர்ந்தார்.

ஹாஜியார் கண்டியில் ஒரு ஹோட்டலில் நடந்த தொழில்முனைவோர் கருத்தரங்குக்குப் போயிருந்தார். அங்கே பேசியவர்களில் ஒருவர் சஞ்சயன். கொழும்பில் வளர்ந்து, வெளிநாட்டில் எதையோ படித்து, எதற்கோ ஆலோசகராக இருந்தவர். சட்டைப் பையில் மூன்று பேனை. 'சிவப்புத் தங்கம்' என்ற தலைப்பில் எண்பது படம் போட்டுக் காட்டினாராம். ஹாஜியார் நல்ல மனிதர், பாலையும் தயிரையும் கரைத்துக் குடித்தவர். ஆனால் ஆங்கிலத்தில் சொல்லப்படும் எதையும் மறுத்துப் பேசும் தைரியம் அல்லாஹ் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் திட்டம் தயார். ஹுன்னஸ்கிரியவில் ஹாஜியாருக்கு இருந்த காணியில் பெரிய தொட்டிகள் வைத்து, உப்புத் தண்ணீர் கலக்கி, மலையிலேயே கடற்பாசி வளர்ப்பது. தொழிற்சாலையில் கூட்டம் வைத்து சஞ்சயன் விளக்கினார். "இயற்கையை நம்பி இருக்கிற காலம் போய்விட்டது" என்றார். யோகட் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

றம்ஸியா மட்டும் கையை உயர்த்தி, "நம்மட கோசலாக்கா இந்த வேலய கடல்லயே செஞ்சவங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோசலா எழுந்தாள்.

"ஐயா, ஹுன்னஸ்கிரியவில மழை பெய்யிறதோ?"

"பெய்யும். அதற்குக் கூரை போடுவோம்."

"குளிருமோ?"

"குளிர் நல்லதுதானே அக்கா, பொருள் கெடாமல் இருக்கும்."

"மீனைச் சொல்லுறியளோ? பாசி உயிரோட வளரவேணும் ஐயா. அதுக்குச் சூடு வேணும், ஓடுற தண்ணி வேணும். எங்கட கடலில நாலு நாள் மழை விழுந்தாலே வெளுத்துச் செத்துப்போகும். நீங்கள் அதை முகிலுக்குள்ள கொண்டுபோய் வைக்கப் போறியள்."

சஞ்சயன் பல்வரிசை தெரியப் புன்னகைத்தார். "அது உங்களுடைய பாரம்பரிய முறை அக்கா. இது விஞ்ஞான முறை."

"பாரம்பரியமோ? அந்தப் பாசி எங்கட ஊருக்கு வந்ததே கம்பனியோடதான்."

யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் கையமர்த்தினார். "புள்ள, கொஞ்சம் பொறுங்க. படிச்ச மனிசன் சொல்றார், நாலு நாடு பாத்துட்டு வந்தீக்கார். நீங்களும் போய் அவருக்கு ஒத்தாசையா இரிங்களேன்."

அப்படித்தான் அவள் ஹுன்னஸ்கிரியவுக்குப் போனாள். நடக்காத காரியம் என்று தெரிந்தும் ஏன் போகிறாய் என்று கணேஸ் கேட்டான். "எப்பிடி நடக்காமல் போகுது எண்டு கிட்ட நிண்டு பாக்கவேணும்" என்றாள். அது முழு உண்மை அல்ல. வடக்கிலிருந்து வந்த முதல் ஈரச்சாக்கை அவள்தான் பிரித்தாள். பனி மூடிய தேயிலை மலையில், சாக்கின் வாயிலிருந்து வலைப்பாட்டின் வாடை குப்பென்று எழுந்தது. அவள் இரண்டு கையையும் உள்ளே விட்டு, ஒரு கொப்பை எடுத்து, கொஞ்ச நேரம் பேசாமல் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து சஞ்சயனுக்கே சந்தேகம் வந்து, "ஏதும் பிழையா?" என்று கேட்டார்.

பிழைகளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஆயிரம் லீற்றர் தண்ணீருக்கு முப்பத்தைந்து கிலோ உப்பு என்று சஞ்சயன் கணக்குச் சொன்னார். வந்து இறங்கியது சமையல் உப்பு, அயடீன் சேர்த்தது, பக்கெற் பக்கெற்றாக. வெட்டிக் கொட்டுவதற்கே அரைநாள் போயிற்று. கோசலா உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள்.

"இது கடலில்லை ஐயா. பெரிய பானைக் கஞ்சி."

"உப்பு உப்புத்தானே அக்கா?"

"அப்ப பாலும் சுண்ணாம்புத் தண்ணியும் ஒண்டோ? ரெண்டும் வெள்ளைதானே."

மூன்றாம் நாள் பாசி வழுவழுத்தது. ஐந்தாம் நாள் நுனிகள் வெளுத்தன. சஞ்சயன் குனிந்து பார்த்துப் படம் எடுத்து, "புதிய சூழலுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது" என்றார். "ஓம் ஐயா, பிணமும் மண்ணுக்குப் பழகும்" என்றாள் கோசலா. எட்டாம் நாள் தொட்டிக்கு இருபது அடி தூரத்தில் நின்றே அது எந்த அளவுக்குப் பழகிவிட்டது என்று மூக்கால் அறிய முடிந்தது. தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் வரும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாங்க அக்கா, உள்ள எதுவும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டுப் போனார்கள்.

ஆனால் திறப்புவிழாவுக்குத் திகதி குறித்தாயிற்று. அரசாங்கக் கந்தோர் ஒன்றிலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வரப்போகிறார். புரியாணிக்குச் சொல்லியாயிற்று. பதாகை அச்சடித்தாயிற்று. மலையில் கடல், இலங்கையின் முதல் முயற்சி என்று மூன்று மொழியிலும்.

திட்டத்தில் சஞ்சயன் முட்டாள் என்றாலும் தந்திரத்தில் அல்ல. விழாவுக்கு முந்தின நாள் தொட்டிகளைக் காலியாக்கச் சொன்னார். விழாவன்று விடியலில் வலைப்பாட்டிலிருந்து ஒரு லொறி வந்தது. பளபளவென்று கொழுத்த பாசி, ஈரச்சாக்கில் சுற்றி. கோசலா ஒருத்திக்குத்தான் முடிச்சுப் போடத் தெரியும் என்பதால் அவளே தொட்டிகளில் கயிறு கட்டி, பாசியைத் தொங்கவிட்டாள்.

"ஒரு நாளைக்குத் தாங்கும்தானே?" என்று சஞ்சயன் கேட்டார்.

"ஒரு நாளைக்குத் தாங்கும். உங்களுக்கு ஒரு நாள்தானே தேவை."

"யாரும் கேட்டால் இங்கே வளர்ந்தது என்று சொல்லுங்கள், அக்கா. பெரிய விஷயம் இல்லை."

கோசலா அடுத்த முடிச்சைப் போட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் அந்த மனிதர் ஹுன்னஸ்கிரியவில் செய்த கடைசிப் பிழை.

பத்து மணிக்கு உத்தியோகத்தர் வந்தார். நாடா வெட்டினார். தொட்டியை எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கோசலாவிடம் கருணையோடு கேட்டார்.

"இவ்வளவு வளர எத்தனை நாள் ஆனது, அம்மா?"

"நாற்பத்தைஞ்சு நாள் ஐயா."

சஞ்சயனின் முகம் மலர்ந்தது.

"நாற்பத்தைஞ்சு நாளும் வலைப்பாட்டுக் கடலில வளந்தது. நேற்று இரவு லொறி ஏறி இண்டைக்கு விடியத்தான் இஞ்ச வந்தது. இஞ்ச வளத்தது எல்லாம் அந்தா, வாழைக்குப் பின்னால புதைச்சிருக்கு. வேணுமெண்டால் தோண்டிக் காட்டுறன்."

ஹாஜியாரின் கையிலிருந்த மாலை கீழே தொங்கியது. உத்தியோகத்தர் அவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், படம் பிடிப்பவரைப் பார்த்தார். பிறகு, "மிக நல்லது, மிக நல்லது. பெண்களின் பங்களிப்பு மிக முக்கியம்" என்று சொல்லிவிட்டு, புரியாணி இருந்த பந்தலை நோக்கி நடந்தார்.

கோசலா வாழ்க்கையில் எத்தனையோ பேரை வாயடைக்கச் செய்திருக்கிறாள். காதே இல்லாத மனிதரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். மறுநாள் முகநூலில் படம் வந்தது. உத்தியோகத்தரும் சஞ்சயனும் பாசியும். பக்கத்தில் வெட்டப்பட்ட கோசலாவின் முழங்கை. சஞ்சயனுக்கு ஒரு நினைவுச் சின்னம் கிடைத்ததாம். இப்போது அவர் நுவரெலியாவில் இறால் வளர்ப்பது பற்றிப் பேசுகிறார் என்று கேள்வி.

ஆனால் பளீல் ஹாஜியாருக்குக் காது இருந்தது. மூன்றாம் நாள் கோசலாவைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு, சொல்லவேண்டிய நாலு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அவள் போனாள்.

ஹாஜியார் கதிரையைக் காட்டினார். "இரிங்க. நான் மடயன் வேல பாத்துட்டேன், இல்லையா?"

தயாராக வைத்திருந்த நாலு வார்த்தைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஒருவர் தானாகவே ஒப்புக்கொண்டால் கோசலாவுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

"ஓம் ஹாஜியார்" என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கு யோசின வந்ததே நோம்பு காலத்துல உம்மா காச்சுற கடப்பாசிய நெனச்சுத்தான். அதுவும் இதுவும் ஒண்டுதானே எண்டு பாத்தேன்."

அது வேறு பாசி, இது வேறு பாசி, இரண்டும் சிவப்புச் சாதிதான் ஆனால் குணம் வேறு என்று கதவருகில் நின்ற றம்ஸியா விளக்கினாள். கோசலா தன் யோசனையைச் சொன்னாள். கடலை மலைக்குக் கொண்டுவர ஏலாது. காய்ந்த பாசியைக் கொண்டுவரலாம். அவிக்கிற வேலையை வெளிநாட்டுக்காரன் செய்யலாமென்றால் பிலிமத்தலாவைக்காரி ஏன் செய்யக்கூடாது?

ஹாஜியார் தொழிற்சாலையின் பின்கட்டில் இரண்டு கிடாரமும் ஓர் அடுப்பும் கொடுத்தார். றம்ஸியா புத்தகத்தைப் பார்த்தாள், கோசலா பாசியைப் பார்த்தாள். சவர்க்காரம் செய்யப் போடும் காரம் கலந்த தண்ணீரில் அவித்து, பல தண்ணீர் மாற்றிக் கழுவி, மறுபடியும் கரையும்வரை காய்ச்சி, துணியில் வடித்து, இறுகியதைப் பிழிந்து உலர்த்தி அரைக்கவேண்டும். முதல் தடவை வந்தது செருப்புத்தோல். இரண்டாம் தடவை ஒட்டுப்பசை. மூன்றாம் தடவை தூள் வந்தது, ஆனால் அது போட்ட யோகட்டில் நண்டு வாடை அடித்தது.

வாடைக்குக் காரணம் சரியாகக் கழுவாததுதான் என்று கோசலா அடுத்த சாக்கைத் தானே கழுவ உட்கார்ந்தாள். முதல் பேசின் தண்ணீரின் அடியில் மணல் படிந்தது. இரண்டாவதிலும் மணல். ஐந்தாவது பேசினில் ஒரு கைப்பிடி மணலோடு இரண்டு சிப்பியும் ஒரு கூழாங்கல்லும் வந்தன. அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. வலைப்பாட்டில் இன்னும் பாசி கட்டும் தன் மச்சாள் இராசமணிக்கு உடனே அழைப்பெடுத்தாள்.

"ஏனடி இப்பிடி மண்ணைப் போட்டுக் கட்டுறியள்? தின்னுற சாமான் எண்டு தெரியாதோ உங்களுக்கு?"

மறுபக்கத்தில் இராசமணி நிதானமாகக் கேட்டாள். "நீ போட்ட மண்ணை விடவோ?"

ஆறு வருடம் கோசலாவும் பாசியைக் கடற்கரை மணலில்தான் காயவிட்டாள். நிறுவைக்கு முதல் அதை உதறாமல் விட்டதோடு நிற்கவில்லை. மேற்பார்வையாளர் அந்தப்பக்கம் திரும்பிய நேரம் காலால் இரண்டு தள்ளுத் தள்ளியும் இருக்கிறாள். யாருடைய வாய்க்குள் போகப்போகிறதென்று தெரியாததால் அப்போது அது காசைக் கூட்டும் வெறும் பாரம். பின்கட்டில் முட்டியை மடித்து உட்கார்ந்திருந்த கோசலா, பேசினிலிருந்த மணலைப் பார்த்தாள். இத்தனை வருடமாகத் தேடித்தேடிப் பழித்த ஆட்களின் வரிசையில் தனக்கென்று ஓர் இடம் காலியாக இருந்தது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சத்தத்தைக் காணேல்ல?" என்றாள் இராசமணி.

"தட்டி கட்டி அதுக்கு மேல காய விட ஏலாதோ?" கோசலாவின் குரல் இறங்கியிருந்தது.

"வலை வேணும். வலைக்கு நீயே அனுப்பு. பெரிய கண்டிக்காரியெல்லோ."

அந்த வாரமே ஹாஜியாரிடம் சொல்லி, பச்சை நைலோன் வலையில் இரண்டு பெரிய சுருள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். கணேஸ் சுருளைத் தோளில் சுமந்து வந்து ஏற்றிக் கொடுத்தான். வழியெல்லாம், "மண்ணு போட்டவளே வலை அனுப்புறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

யோகட்டுக்கு இன்னமும் கப்பலில் வரும் தூள்தான் போடுகிறார்கள். இவர்களுடைய தூள் அவ்வளவு மென்மையாக வரவில்லை. ஜெலிக் கப்புக்கு மட்டும் பின்கட்டுத் தூள் போகிறது. போன நோன்புக்குப் பிலிமத்தலாவைக் கடைகளில் அது நன்றாக ஓடியது. றம்ஸியா அடுத்ததாகக் காரத்தின் அளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வலை போன பிறகு வந்த முதல் சாக்கைக் கோசலாதான் பிரித்துக் கழுவினாள். மூன்றாவது பேசினிலேயே தண்ணீர் தெளிந்தது. அடியில் இருந்த மணலைக் கையில் வழித்து எடுத்து றம்ஸியாவிடம் காட்டினாள்.

"அரைவாசி திருந்தியிருக்கிறாளவை" என்றாள்.